உஷார்! பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்

"பி.டி.எஸ். முடித்தவரா? பரீட்சையே எழுதாமல் அமெரிக்காவில் டென்டிஸ்ட் ஆகலாம். சில சீட்டுகளே மீதி. இன்றே முன்பணம் கட்டுங்கள்." இப்படி ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தால் கட்டாதீர்கள். அடுத்தவருக்கும் தள்ளிவிடாதீர்கள். பாளையங்கோட்டை ரோட்டில் ஏசி ஹால் பிடித்து, காபியும் மக்ரூனும் கொடுத்து, கோட்டு போட்ட ஒருவர் திரையில் படம் காட்டிச் சொன்னாலும் பதில் அதேதான். பரீட்சை இல்லாமல் அந்நிய நாட்டில் ஒரு பல்லைப் பிடுங்கக்கூட எவரும் நம்மை விடமாட்டார்கள்.

தூத்துக்குடிக்கு மருத்துவக் கல்லூரி 2000இல் வந்தது. பல் மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. நம் பிள்ளைகள் காவல்கிணறு, குலசேகரம், மதுரை, சென்னை என்று ஹாஸ்டலில் தங்கி, பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்து வருடம் படித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். திரும்பினால் தெருவுக்கு ஒரு கிளினிக் ஏற்கெனவே இருக்கிறது. அதில் சேர்ந்தால் சம்பளம் வெளியே சொல்லும்படி இருக்காது. எம்.டி.எஸ். படிக்க நீட் வரிசை. ஆகவே வெளிநாட்டுப் பக்கம் பார்வை போவதில் தப்பே இல்லை. துறைமுக ஊர்க்காரர்களுக்குக் கடல் தாண்டுவது புதிதா என்ன? என் பயம் போவதைப் பற்றியதல்ல; எதை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பதைப் பற்றியது.

நம் கடற்கரையில் முத்துக்குளிக்கும் சலாபம் நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலேதான் ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்த பிறகே உள்ளே முத்தா வெறும் சதையா என்று தெரியும். அந்தச் சூதாட்டத்திலும் ஒரு ஒழுங்கு இருந்தது. சலாபம் அறிவிப்பதற்கு முன்னால் அதிகாரிகள் சிப்பி விளையும் கடல் பாருக்குப் போய் மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, தேறும் முத்தை மதிப்பிட்ட பிறகே நாள் குறிப்பார்கள். 1961க்குப் பிறகு இங்கே சலாபம் நடக்கவில்லை. திறக்காத சிப்பிக்கு ஏலம் கேட்கும் பழக்கம் மட்டும், மாதிரி பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, வெளிநாட்டுப் படிப்பு வியாபாரத்தில் தொடர்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "இந்தப் படிப்பை முடித்தால் எந்த நாட்டில், எந்த மாநிலத்தில், நோயாளியின் வாயில் கைவைக்க எனக்கு லைசென்ஸ் கிடைக்கும்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் எழுதித் தரும் தாள் போதாது. கல்லூரியின் சேர்க்கைப் பிரிவிலிருந்து மின்னஞ்சலாக வர வேண்டும். அதையும் அந்த மாநிலத்து டென்டல் போர்டின் விதியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். நம் பி.டி.எஸ்.ஸை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே தொழில் செய்ய முடியாது. வழக்கமான வழி, டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. பட்டத்துக்கான 'அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்' படிப்பில் சேர்வது. பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று வருடம். அந்தக் கல்லூரிக்கு 'கோடா' என்ற பல் மருத்துவ அங்கீகார ஆணையத்தின் அங்கீகாரம் இருந்தாக வேண்டும். எந்தக் கல்லூரிக்கு உண்டு, எதற்கு நிபந்தனையோடு உண்டு, எது புதிது என்பதெல்லாம் கோடாவின் இணையதளத்தில் பட்டியலாகவே கிடைக்கிறது. பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது.

இங்கேதான் முதல் பொறி. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் இருக்கும், கட்டடம் இருக்கும், பெரிய பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கும். ஆனால் ஏஜென்ட் விற்பது அந்தக் கல்லூரியின் டி.டி.எஸ். சீட்டை அல்ல, அதே வளாகத்தில் நடக்கும் ஆறு மாத ப்ரிசெப்டர்ஷிப்பை, ஒரு வருட ஃபெல்லோஷிப்பை, இல்லையென்றால் பொது சுகாதார முதுகலையை. இவை மோசடிப் படிப்புகள் அல்ல. ப்ரிசெப்டர்ஷிப் செய்தால் நல்ல பரிந்துரைக் கடிதம் கிடைக்கலாம். பொது சுகாதாரம் படித்து ஆராய்ச்சியிலோ நிர்வாகத்திலோ நன்றாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் இவற்றில் எதுவும் லைசென்ஸ் தராது. சான்றிதழில் பெரிய பல்கலைக்கழகத்தின் முத்திரை பளபளக்கும். கிளினிக்கில் டாக்டராக நிற்க அது உதவாது.

இரண்டாவது பொறி கொஞ்சம் நுணுக்கமானது, படித்தவர்களே விழுவது. ஆர்த்தோ (பல் சீரமைப்பு), பெரியோ (ஈறு மருத்துவம்) போன்ற சிறப்புப் படிப்புக்கு நேராகப் போய்விடலாம், டி.டி.எஸ். வேண்டாம் என்பார்கள். படிப்புக்குக் கோடா அங்கீகாரமும் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் லைசென்ஸ் கொடுப்பது மாநிலங்கள். டி.டி.எஸ். இல்லாமல் சிறப்புப் படிப்பை மட்டும் முடித்தவரைச் சில மாநிலங்கள் ஏற்கும், சில ஏற்காது. மூன்று வருடம் முடித்த பிறகு, கணவருக்கு வேலை இருக்கும் மாநிலம் ஏற்காத பட்டியலில் இருப்பதைக் கண்டுபிடிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

கணவர் என்று சொன்னது காரணத்தோடுதான். இந்த வழியில் போகும் நம் ஊர்ப் பெண்களில் நிறையப் பேர் கல்யாணமாகி, கணவரின் ஹெச்-1பி வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் போகிறவர்கள். "மாப்பிள்ளை டெக்சாஸ்ல இருக்காரு, பொண்ணு டாக்டர், அங்க போயி ஒரு பரீட்சை எழுதினாப் போதும்" என்று தரகர் சொல்வதை இரண்டு வீட்டாரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு பரீட்சை அல்ல அம்மா! ஹெச்-4இல் படிக்கலாம், தனி அனுமதி இல்லாமல் வேலை பார்க்க முடியாது. போன பிறகு ஒரு குழந்தை, வீடு மாற்றம் என்று நான்கைந்து வருடம் கழிந்தால், கடைசியாக எப்போது நோயாளியைப் பார்த்தீர்கள் என்று நேர்காணலில் கேட்பார்கள். நிச்சயதார்த்தம் முடிந்ததும் கிளினிக் வேலையை விடச் சொல்லும் மாமியார்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

பரீட்சையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வில் இரண்டு நாளில் 500 கேள்விகள். முடிவில் தேர்ச்சி அல்லது தோல்வி என்றுதான் வரும். தேறியவருக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே "எங்களிடம் படித்தால் உயர்ந்த ஸ்கோர் உறுதி" என்று விளம்பரம் செய்யும் கோச்சிங் சென்டருக்குத் தேர்வின் அடிப்படையே தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறது. தேர்ச்சி பெற்ற எல்லோரும் அங்கே ஒன்றுதான் என்பதால் கல்லூரிகள் வேறு வழியில் வடிகட்டுகின்றன: பி.டி.எஸ். மதிப்பெண்கள், டோஃபல், அனுபவம், நேர்காணல், பல இடங்களில் செயற்கைப் பல்லில் கிரவுனுக்குச் செதுக்கிக் காட்டும் 'பெஞ்ச் டெஸ்ட்'. பெரும்பாலான கல்லூரிகளுக்கு 'கேப்பிட்' என்ற பொது வாசல் வழியாக நீங்களே விண்ணப்பிக்கலாம். உள்ளே சீட்டுப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்பவரிடம் சீட்டு இல்லை. சில கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களை மட்டுமே எடுக்கும். அது தெரியாமல் விண்ணப்பக் கட்டணம் கட்டி இழப்பவர்களும் உண்டு.

இனி பணம். தனியார் கல்லூரிகள் சிலவற்றில் வருடக் கட்டணம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். மூன்று வருடம், டாலர் 90 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 2 கோடியே 70 லட்சம். சாப்பாடும் வாடகையும் இதில் சேரவில்லை. இங்கே வங்கியின் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். வீட்டுப் பத்திரமோ உப்பளப் பட்டாவோ உள்ளே போகும். அங்கே படிப்பு முடிந்ததும் என்ன? மாணவர் விசாவில் போனவருக்கு ஒரு வருடம் வேலை அனுமதி. பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு வருடம் டி.டி.எஸ்.ஸுக்குக் கிடையாது. அதற்குள் ஹெச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழ வேண்டும். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து அழைத்து வரும் புதிய ஹெச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அந்த நாட்டுக்குள்ளேயே விசா நிலையை மாற்றுபவர்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் குலுக்கலில் தவறி ஊர் திரும்பிவிட்டால், நம்மை மறுபடி அழைக்க ஒரு சின்ன டென்டல் கிளினிக் அவ்வளவு கட்டுமா என்று யோசித்துப் பாருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் ஒரு சேதி: 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு 'கிராட் பிளஸ்' என்ற அமெரிக்க அரசின் கல்விக் கடன் இல்லை. தொழிற்படிப்புக்கு வருடம் 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. பழைய கணக்கை வைத்து அக்கா சொன்ன யோசனை தங்கைக்கு உதவாது.

பிரிட்டனில் இதே கதை வேறு வேடத்தில் வருகிறது. இம்பிளான்ட், அழகியல் பல் மருத்துவம் என்று ஒரு வருட எம்.எஸ்சி. படிப்புகள் ஏராளம். அவற்றால் ஜெனரல் டென்டல் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. பதிவுக்கு ஓ.ஆர்.இ. என்ற தேர்வை எழுத வேண்டும், அல்லது இங்கிலாந்து ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் நடத்தும் எல்.டி.எஸ். தேர்வு. ஓ.ஆர்.இ.க்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு. கொரோனா காலத்தில் நின்றுபோனதால் சேர்ந்த நெரிசல் வேறு. ஆஸ்திரேலியாவில் டென்டல் கவுன்சிலின் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேறினால் கல்லூரிக்கே போகத் தேவையில்லை. கனடாவிலும் தேசியத் தேர்வு வாரியத்தின் படிகளை ஒவ்வொன்றாகத் தாண்டலாம், அல்லது அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேரலாம். கனடாவும் அமெரிக்காவும் ஒன்றின் கல்லூரி அங்கீகாரத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்வதால், எல்லை தாண்டும் யோசனை உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். தேர்வு வழி கல்லூரி வழியைவிடச் செலவு குறைவு. அதில் கமிஷன் இல்லாததால் செமினாரில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

என் வயிற்றைக் கலக்குவது போலி ஆவணம்தான். "ரெண்டு வருஷ அனுபவம் இருக்குன்னு ஒரு லெட்டர் போட்டுக்குவோம் தங்கச்சி, யாரு பார்க்கப் போறா?" பார்ப்பார்கள். பொய் ஆவணத்தால் விசா கேட்டது தெரிந்தால் அமெரிக்காவில் நுழைய வாழ்நாள் தடை விழலாம்; கனடாவில் ஐந்து வருடம். 2023இல் பஞ்சாபிலிருந்து கனடா போன மாணவர்கள், தங்கள் சேர்க்கைக் கடிதமே போலி என்பதை அங்கே போய் வருடங்கள் கழித்துத் தெரிந்துகொண்டு, நாடு கடத்தல் நோட்டீசோடு தெருவில் உட்கார்ந்து போராடியது செய்திகளில் வந்தது. கடிதம் கொடுத்தது ஏஜென்ட், மாட்டிக்கொண்டது பிள்ளைகள். 2011இல் கலிஃபோர்னியாவில் டிரை-வேலி பல்கலைக்கழகத்தை மூடியபோது, ஆந்திராவிலிருந்து போன மாணவர்கள் சிலரின் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். 2019இல் வெளிவந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழக விவகாரம் இன்னும் மோசம். அதை நடத்தியதே அமெரிக்க அரசின் ரகசிய அதிகாரிகள். கைதான மாணவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். இவற்றில் எதுவும் பல் மருத்துவம் சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் அட்டகாசமான இணையதளத்தை மட்டும் பார்த்து நம்பியவர்களின் கதை எல்லாத் துறைக்கும் பொதுவானது.

போவதென்று முடிவாகிவிட்டதா? அப்படியானால் ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. மதிப்பெண் பட்டியல்கள், பயிற்சி முடித்த சான்று, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவும் நன்னடத்தைச் சான்றும், கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் கேட்டு வையுங்கள். கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து, நம் பட்டத்தை மதிப்பிடும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆவணம் நேராகப் போக வேண்டியிருக்கும். டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு அப்பாவைக் கிண்டிக்கு அனுப்பும் பாட்டை இப்போதே முடித்துவிடலாம். பாஸ்போர்ட்டிலும் பட்டத்திலும் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கு அங்கே நேரும் பெரிய தலைவலி அது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு: ஆன்லைனில் போன பணமென்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், படம் எடுத்து வையுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மாவட்டக் குற்றப்பிரிவு போலீசில் எழுத்துப் புகார் கொடுங்கள், ரசீது இல்லாவிட்டாலும் கொடுங்கள். "சனிக்கிழமைக்குள்ள திருப்பித் தந்திருதேன் அண்ணாச்சி" என்று ஏஜென்ட் சொன்னால், முதலில் புகாரைக் கொடுத்துவிட்டு அப்புறம் சனிக்கிழமைக்குக் காத்திருங்கள்.