வீட்டில் சிக்னல் குறைவா? காசு செலவழிக்க முன் இதைச் செய்து பாருங்கள்

இன்று தோட்டத்து வீடுகளில் இன்டர்நெட் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் போனில்தான் வருகின்றன. கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் மகனும் மகளும் அதில்தான் முகம் காட்டிப் பேசுகிறார்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, மலையகப் பிள்ளைகள் சிக்னலைத் தேடிப் பாறைக்கும் மலை உச்சிக்கும் ஏறியதை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு பல வீடுகளில் 4ஜி ரவுட்டர் வந்துவிட்டது. ஆனாலும், "ஐயா, மாசா மாசம் காசு கட்டுறோம், பெட்டியில லைட்டும் எரியுது, ஒன்னும் வேல செய்யுதில்ல" என்ற முறைப்பாடு குறையவில்லை.

இந்த நிலையில் பலர் பெரிய பெக்கேஜுக்கு மாறுகிறார்கள். சிலர் கடையில் சொல்வதைக் கேட்டு 'பூஸ்டர்' வாங்குகிறார்கள். பெக்கேஜை மாற்றினால் டேட்டா கூடும், சிக்னல் கூடாது. கோளாறு எங்கே என்று தெரியாமல் செலவு செய்தால் சம்பளக் காசுதான் வீணாகும். ஆகவே முதலில் கோளாறைக் கண்டுபிடிப்போம்.

சிக்னல் வரும் பாதைகள் இரண்டு

மலையில் பறித்த கொழுந்து நிறுவை மடுவத்துக்கு வருவது ஒரு பாதை. மடுவத்திலிருந்து லொறியில் பெக்டரிக்குப் போவது இன்னொரு பாதை. பெக்டரிக்குக் கொழுந்து வரவில்லை என்றால், எந்தப் பாதையில் தடை என்றுதானே முதலில் பார்ப்போம்? சிக்னலும் அப்படியே. டவரிலிருந்து ரவுட்டருக்கு வருவது முதல் பாதை. ரவுட்டரிலிருந்து உங்கள் போனுக்கு வருவது இரண்டாவது பாதை. இதைத்தான் வைஃபை என்கிறோம்.

போனில் தெரியும் வைஃபை அடையாளம் இரண்டாவது பாதையை மட்டுமே காட்டும். "வைஃபை புல்லா இருக்கு, ஆனா ஓடுதில்ல" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவே எல்லாம் சரி, டவருக்கும் ரவுட்டருக்கும் நடுவேதான் தடை.

கண்டுபிடிப்பது லேசு. போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் மெதுவாக இருந்தால் கோளாறு முதல் பாதையில். பக்கத்தில் நன்றாக ஓடி, குசினிக்குப் போனதும் விட்டுப்போனால் கோளாறு இரண்டாவது பாதையில். பகலில் நன்றாக ஓடி, இரவு 7 மணிக்கு மேல் மட்டும் மெதுவானால், ஒரே டவரை ஒரே நேரத்தில் எல்லோரும் பாவிப்பதால் வரும் நெரிசலாக இருக்கலாம். ரவுட்டரை எங்கே நகர்த்தினாலும் நெரிசல் தீராது. பாட வீடியோக்களை அதிகாலையில் இறக்கி வைத்துக்கொள்வதுதான் வழி. மாதக் கடைசியில் மட்டும் மெதுவானால் டேட்டா முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

லயத்தில் ஏன் சிக்னல் குறைகிறது?

சிக்னல் என்பது கண்ணுக்குத் தெரியாத வானொலி அலை. தகரத்தில் பட்டால் அது திரும்பிவிடும். கல் சுவருக்குள் நுழைந்தால் பலம் குறையும். மண் மலையை ஊடுருவி வராது. எமது பழைய லயங்களில் மேலே தகரம், சுற்றிலும் தடித்த சுவர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் அலை நுழைவதற்கு முன் கதவும் சிறிய ஜன்னலும்தான் வழி. இரட்டை லயத்தில் பின்பக்கமும் அடைபட்டிருக்கும். டவர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் இன்னும் கஷ்டம். 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடுகளில் நான்கு பக்கமும் ஜன்னல் வைக்க இடம் இருப்பதால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை.

முதல் பாதையைச் சரி செய்தல்

ரவுட்டரில் உள்ள அதே கம்பனி சிம் போட்ட ஒரு போனை எடுங்கள். வைஃபையை நிறுத்தி, டேட்டாவை மட்டும் போடுங்கள். இஸ்தோப்பு, முன் ஜன்னல், காம்பராவின் நடு, குசினி ஜன்னல் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரே இடத்தில் இடுப்பு உயரத்திலும் தலைக்கு மேலும் பாருங்கள். பல ஸ்மார்ட் போன்களில் செட்டிங்ஸ், எபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு மைனஸ் இலக்கத்தில் இருக்கும். அதைக் கடன் கணக்குப் போல நினைத்துக்கொள்ளுங்கள்: குறைந்தால் நல்லது. மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 115 என்றால் மிகவும் மோசம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

நல்ல இலக்கம் வந்த இடமே ரவுட்டரின் இடம். அது பெரும்பாலும் டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலாக இருக்கும். அங்கே சுவரில் ஒரு பலகைத் தட்டு அடித்து வைத்தால் போதும். ஒரு சாண் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியலாம். சாரல் அடிக்காத இடமாகப் பாருங்கள்.

உங்கள் ஜன்னலில் எந்தக் கம்பனி சிக்னல் நல்லது என்பதையும் இதே முறையில் அறியலாம். பக்கத்து வீட்டாரிடம் வேறு கம்பனி சிம் இருந்தால் கொஞ்ச நேரம் வாங்கிப் பாருங்கள். ரவுட்டர் வாங்க முன் இதைச் செய்வது மிகவும் நல்லது.

சில ரவுட்டர்களின் பின்னால் அன்டனா பொருத்தும் இடம் இருக்கும். அப்படியானால் வெளியே ஒரு 4ஜி அன்டனாவை டவரைப் பார்த்துப் பொருத்தலாம். வயர் நீளக் கூடாது. நீள நீள சிக்னல் வயரிலேயே கரைந்துபோகும்.

இரண்டாவது பாதையைச் சரி செய்தல்

ரவுட்டரை அலுமாரிக்குள்ளும், டீவிக்குப் பின்னாலும், இரும்புப் பெட்டிக்கு மேலும் வைக்காதீர்கள். தூசு படாமல் இருக்கட்டும் என்று பூத்துணி போட்டு மூடாதீர்கள், சூடேறிக் கெட்டுவிடும். தரையில் வைக்காமல் நெஞ்சு உயரத்திலாவது வையுங்கள்.

பல ரவுட்டர்களில் இரண்டு வகை வைஃபை உண்டு. 2.4 என்பது மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். 5 என்பது வேகமானது, ஆனால் சுவர் வந்தால் சோர்ந்துவிடும். பின் குசினிக்கு 2.4, ரவுட்டர் இருக்கும் அறைக்குள் 5 என்று பாவியுங்கள். லயத்தில் பத்து வீட்டிலும் ரவுட்டர் இருந்தால் 2.4 இல் ஒன்றோடொன்று மோதும். 1, 6, 11 ஆகிய சேனல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. வீட்டுக்கு வீடு பேசி இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். சேனலை மாற்றத் தேவையான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய லேபலில் இருக்கும்.

வைஃபை எக்ஸ்டென்டர் வாங்குவதானால், அதை சிக்னல் செத்த இடத்தில் வைத்துப் பயனில்லை. ரவுட்டருக்கும் அந்த இடத்துக்கும் நடுவே வைக்க வேண்டும். கோளாறு முதல் பாதையில் இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை.

ரவுட்டர் இல்லாத வீட்டில் பழைய போன் ஒன்று இருந்தால், டேட்டா சிம் போட்டு ஜன்னலில் வைத்து ஹொட்ஸ்பொட் போடுங்கள். பிள்ளை மேசையில் இருந்து படிக்கலாம். பெட்டரி வீங்கிய போனை மட்டும் இதற்குப் பாவிக்கக் கூடாது.

கவனம் தேவை

அன்டனாக் கம்பத்தை மின்கம்பிக்குப் பக்கத்தில் நடாதீர்கள். தகரக் கூரையில் ஏறவும் வேண்டாம். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பின்னேர இடி மின்னல் கடுமையாக இருக்கும். மழை இருட்டும்போதே ரவுட்டரின் பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

டவர் சிக்னலைப் பெருக்கும் 'பூஸ்டர்' என்பது வேறு பொருள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அதைப் பாவிக்க முடியாது. தரமற்ற பூஸ்டர் ஒன்று சுற்றியுள்ள வீடுகளின் சிக்னலையும் கெடுத்துவிடும்.

உயிர் காக்கும் இடம்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் மண்சரிவுகளை ஏற்படுத்தியபோது பல இடங்களில் மின்சாரமும் தொடர்பும் அற்றுப்போயின. மின்சாரம் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும். 1990 அம்புலன்ஸை அழைக்க டவர் சிக்னல் வேண்டும். எனவே நடந்து பார்த்து எழுதிய தாளை எறிந்துவிடாதீர்கள். சிக்னல் நன்றாகக் கிடைத்த இடத்தில் சுவரில் ஒரு அடையாளம் போடுங்கள். வீட்டில் இருக்கும் அம்மாயிக்கும் தாத்தாவுக்கும் சின்னப் பிள்ளைக்கும் "அவசரம்னா இங்க நின்னு பேசணும்" என்று காட்டிக்கொடுங்கள். சார்ஜ் உள்ள பட்டன் போன் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் லயம் முழுவதிலும் இலக்கம் மோசமாகவே இருந்தால், தவறு உங்கள் வீட்டில் இல்லை, டவர் தூரம். தனியாளாகப் போன் எடுத்துச் சண்டை பிடிப்பதை விட, ஒவ்வொரு வீட்டின் இலக்கத்தையும், திகதி, நேரம், டிவிஷன் பெயரையும் எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்து, கம்பனிக்கும் ஆணைக்குழுவுக்கும் கடிதம் அனுப்புங்கள். "சிக்னல் இல்லை" என்று வாயால் சொல்வதைத் தட்டிக்கழிக்கலாம். நாற்பது வீட்டுக் கணக்கைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். கடிதம் எழுத உதவி தேவைப்படுபவர்கள் தாளுடன் எமது நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து எழுதுவோம்.