சூலை என்ற சொல்லும் குடல்வாழ் நுண்ணங்கிகளும்

கடும் வயிற்று வலியைத் தமிழ் மரபு நெடுங்காலமாகச் சூலை என அழைத்து வந்துள்ளது. திருநாவுக்கரசர் சமணத்தினின்றும் சைவத்துக்கு மீண்டமைக்குச் சூலை நோயே காரணமாயிற்று என்று பெரியபுராணம் கூறும். அவ்வரலாற்றின் சமயச் சார்பை ஒதுக்கி நோக்கினும் ஓர் உண்மை எஞ்சுகின்றது: புறத்தே காயமெதுவும் காட்டாத வலி ஒருவரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றவல்லது. அத்தகைய வலியை நம்புவதா, ஐயுறுவதா என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. குடல் அழற்சி நோயை முன்வைத்து அவ்வினாவை இங்கு நோக்குவோம்.

இப்பெயர் இரு நோய்களைக் குறிக்கும். பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் அழற்சி ஒன்று. 1932 இல் கிறோனும் அவர்தம் சகாக்களும் விவரித்த, உணவுப் பாதையின் எப்பகுதியையும் தாக்கவல்ல நோய் மற்றொன்று. கொழும்பு, கம்பகா மாவட்டங்கள் பற்றி 2010 இல் வெளிவந்த ஆய்வொன்று, இலட்சம் பேரில் முன்னையது 5.3 பேருக்கும் பின்னையது 1.2 பேருக்கும் உள்ளதெனக் கணித்தது. மேலைநாடுகளோடு ஒப்பிடுமிடத்து இத்தொகை சிறிதே. ஆயினும், நகரமயமாக்கமும் உணவு மாற்றமும் பரவுந்தோறும் ஆசிய நாடுகளில் இந்நோய் பெருகி வருகின்றது. நோய்க்கும் சமூக வரலாறு உண்டென்பது இதனாற் புலனாகும்.

மருந்தினால் அழற்சி தணிந்த பின்னரும் நோயாளருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வயிற்று வலியும் மலப்போக்கின் சீர்கேடும் தொடர்கின்றன. புண் ஆறியபின் வலி ஏன்? மிளகாயின் எரிவை உணரும் வாங்கியைக் கொண்ட நரம்பிழைகள் குடற்சுவரிலும் உள்ளன. அழற்சி ஓய்ந்தும் வலி ஓயாத நோயாளரிடத்து அவை மிகுந்திருந்தமையை இலண்டன் ஆய்வாளர் 2010 இல் எடுத்துக்காட்டினர். அழற்சி நீங்கினும் நரம்பு அதனை மறப்பதில்லை எனலாம்.

இவ்விடத்தேதான் பற்றீரியாக்களின் பங்கு முக்கியத்துவம் பெறுகின்றது. மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்வன. நாம் செரிக்கவியலாத நார்ப்பொருளை நொதிக்கச் செய்து, குடற்சுவர்க் கலங்களுக்கு உணவாகும் பியூற்றிரிக் அமிலத்தை அவற்றுட் சில ஆக்குகின்றன. அத்தகைய இனங்களுள் ஒன்றான பீக்கலிபற்றீரியம் கிறோன் நோயாளரிடத்துக் குறைந்திருத்தல் 2008 இல் அறியப்பட்டது. அது வெளியிடும் பொருள்கள் எலியின் வலி நரம்புக்கலங்களின் கிளர்ச்சியைத் தணித்தமை 2017 இல் காட்டப்பட்டது. குடல்வாழ் உயிரினங்களின் சமநிலை குலைவது அழற்சியோடு மட்டுமன்றி, வலியோடும் தொடர்புடையதாகலாம் என இவை உணர்த்துகின்றன. எனினும், விலங்காய்வின் முடிபை மனிதருக்கு அவ்வாறே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. மட்டக்களப்பின் எருமைத் தயிர் இந்நோயைத் தீர்க்கும் என்று சொல்வதற்கும் இவை ஆதாரமாகா.

இவ்வறிவு மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் என்ன பொருளுடையது? வயல்கள் பெரும்பாலும் படுவான்கரையில்; போதனா வைத்தியசாலை நகரில். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் வாவியைக் கடக்கப் 'பாதை'யையே நம்பியிருந்தனர். இன்றும் வேளாண்மை வெட்டுக் காலத்தில் வைத்தியசாலைக்கு வரும் கூலித் தொழிலாளி ஒருநாட் கூலியை இழந்தே வருகிறார். கமரா விட்டுப் பார்த்தபின் “ஒன்றுமில்லை” என்னும் ஒரு சொல்லோடு அவர் திருப்பி அனுப்பப்படின், வலியோடு பழியும் சேர்கிறது. வீட்டாரிடத்து அது சோம்பலாகவும், வயற்காரரிடத்துச் சாட்டாகவும், பெண்ணாயின் மனக்கோளாறாகவும் பெயர் பெறும்.

நீடிக்கும் வலியை அழற்சி மீண்டமையின் அறிகுறியாகக் கொண்டு முதலில் ஆராய்தல் அவசியம். அழற்சி இல்லையெனத் தெளிந்தபின்னரும் வலி உண்மையானதே. அதற்கு நரம்பிலும் நுண்ணங்கியிலும் பௌதிக அடிப்படை உண்டு. உழைப்பவரின் உடல் பற்றி அவரே கூறும் சொல்லைச் சான்றாக ஏற்க மறுப்பதற்கு விஞ்ஞானம் துணைநில்லாது. சூலை என்ற பழஞ்சொல் ஏற்றுக்கொண்ட வலியை, நவீன மருத்துவம் தன் கருவிகளால் இப்போதுதான் காணத் தொடங்கியுள்ளது.