மாற்றிய ஒலியளவு ஏன் நிலைப்பதில்லை?

தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் மாணவர் பலருக்குத் தமிழ் ஒலி வீட்டில் பெரியோர் பேச்சாகவும், பள்ளியில் ஒலிப்பதிவாகவுமே கிடைக்கிறது. ‘வாழை’ என்பது மரம். ‘வாளை’ என்பது மீன். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கேட்கும் பயிற்சி கணினிக்கூடத்தில் நடைபெறும்போது ஒலி தெளிவாக இருத்தல் வேண்டும். ஒலி குறைந்துவிட்டால் ழகரமும் ளகரமும் ஒன்றுபோலவே செவியில் விழும். பிழை மாணவருடையதா, கருவியினுடையதா என்பது தெரியாமலேயே மதிப்பெண் குறைந்துவிடும்.

லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினிகளில் இத்தகைய இடர் ஒன்று நேர்வதுண்டு. நேற்று உயர்த்தி வைத்த ஒலியளவு, இன்று கணினியைத் திறந்ததும் பழைய நிலைக்கே இறங்கியிருக்கும். ஒலிவாங்கி முற்றிலும் அடைபட்டிருப்பதும் உண்டு. லினக்ஸின் கருநிரலை 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். இன்று கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக்கூடங்களில் இயங்குவது லினக்ஸே. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் அதன் வழி வந்ததே. எனவே இவ்விடர் வல்லுநர்களுக்கு மட்டும் உரியதன்று. பள்ளி மாணவரும் இதன் காரணத்தை அறிந்து களையலாம்.

மாற்றுதல் வேறு, எழுதி வைத்தல் வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும். திரையில் உள்ள ஒலிக்கோட்டை நகர்த்தியவுடன் மாற்றம் செவிக்குப் புலனாகும். ஆயினும் அம்மாற்றம் அப்போது தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் நின்றால் அந்நினைவகம் வெறுமையாகிவிடும். வன்தட்டில் உள்ள ஒரு கோப்பில் எழுதப்பட்டால் மட்டுமே மறுநாள் கணினி அதைப் படித்து மீட்க இயலும். கரும்பலகையில் இருப்பதைக் குறிப்பேட்டில் படியெடுப்பது போன்றது இது. படியெடுப்பவர் யார், எப்போது எடுக்கிறார், எங்கே வைக்கிறார் என்னும் மூன்றையும் அறிந்தால் பழுது இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

லினக்ஸில் அவ்வாறு படியெடுப்போர் இருவர். கீழ்த்தளத்தில் இருப்பது ‘ஆல்சா’. இது ஒலி அட்டையோடு நேரே உரையாடும் பகுதி. கணினி முறையாக அணைக்கப்படும்போது ஒலிநிலைகள் அனைத்தையும் ஒரு கோப்பில் எழுதி வைப்பதும், மீண்டும் தொடங்கும்போது அக்கோப்பைப் படித்து மீட்பதும் இத்தளத்தின் பணிகள். அக்கோப்பு கணினி முழுமைக்கும் பொதுவானது. மேல்தளத்தில் இருப்பது ஒலிச் சேவையகம். முன்னர்ப் பெரும்பாலும் ‘பல்ஸ்ஆடியோ’ இருந்தது. அண்மைப் பதிப்புகள் பலவற்றில் ‘பைப்வயர்’ அதன் இடத்திற்கு வந்துள்ளது. இச்சேவையகம் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே இயங்கும். அவரவர் விருப்பத்தை அவரவர் சொந்தக் கோப்புறையில், பெயர் புள்ளியில் தொடங்கும் மறைவான இடத்தில் எழுதும். அதுவும் உடனே எழுதாது. மாற்றம் நிகழ்ந்து சில நொடிகள் கழிந்த பின்னரே எழுதும்.

பழுது எத்தளத்தில் உள்ளது? ஒலியளவை மாற்றி, அரை நிமிடம் பொறுத்து, கணினியை அணைக்காமல் பயனர் கணக்கிலிருந்து மட்டும் வெளியேறி மீண்டும் நுழைந்து பார்க்கலாம். அப்போதே மாற்றம் மறைந்தால் பழுது பெரும்பாலும் மேல்தளத்தில் இருக்கும். அங்கு நிலைத்து, கணினியை அணைத்துத் திறந்தபின் மட்டும் மறைந்தால் கீழ்த்தளத்தை ஐயுற வேண்டும்.

கீழ்த்தளப் பழுதுக்கு எளிய காரணம் மின்தடை. மின்சாரம் திடீரென நின்றாலும், மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்தாலும் படியெடுக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. இதற்குத் தீர்வு, கணினி அணையும் வரை காத்திராமல் அப்போதே எழுதச் செய்வது. முனையத்தில் ‘ஆல்சாமிக்சர்’ என்னும் நிரலைத் திறந்து, எஃப்6 விசையால் உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தூணின் அடியில் ‘எம்எம்’ என்று இருந்தால் அந்த ஒலிவழி அடைபட்டுள்ளது என்பது பொருள். ‘எம்’ விசையை அழுத்தினால் அது திறக்கும். ஒலிநிலைகளைச் சரிசெய்த பின், கணினிக்கூடப் பொறுப்பாளர் நிர்வாகி உரிமையோடு ‘ஆல்சாசிடிஎல் ஸ்டோர்’ என்னும் கட்டளையை இட்டால் அவை கோப்பில் பதிவாகிவிடும்.

மேல்தளப் பழுது சற்று நுட்பமானது. எவரோ அவசரத்தில் ஒலி நிரலை நிர்வாகி உரிமையோடு ஒருமுறை இயக்கியிருக்கலாம். அப்போது பயனரின் கோப்புறைக்குள் உருவான கோப்புகள் நிர்வாகிக்கு உடைமையாகிவிடுவதுண்டு. அதன்பின் பயனர் எத்தனை முறை ஒலிக்கோட்டை நகர்த்தினாலும் சேவையகத்தால் அக்கோப்பில் எழுத இயலாது. தன் குறிப்பேட்டை வேறொருவர் பெட்டியில் வைத்துப் பூட்டிய நிலை அது. கணினி இதைத் திரையில் அறிவிப்பதும் அரிது. அதனால்தான் ‘ஒலியமைப்பு பதிவாகவில்லை’ என்று மட்டும் பயனருக்குத் தோன்றுகிறது. மறைந்துள்ள கோப்புறைகளைக் காட்டச் செய்து, ‘கான்ஃபிக்’ என்பதனுள் இருக்கும் ‘பல்ஸ்’ கோப்புறையின் பண்புகளைத் திறந்தால் உரிமையாளர் பெயர் தெரியும். பைப்வயர் உள்ள கணினியில் ‘லோக்கல்’, அதனுள் ‘ஸ்டேட்’, அதனுள் ‘வயர்பிளம்பர்’ என்று செல்ல வேண்டும். அங்கே வேறு பெயர் இருப்பின், அக்கோப்புறையை அழித்துவிடாமல் ‘பழையது’ என்று பெயர் மாற்றிவிட்டு, வெளியேறி மீண்டும் நுழைதல் நன்று. சேவையகம் புதிய கோப்புறையைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பழைய ஒலியமைப்புகள் மறைந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் இனி எழுதுவது நிலைக்கும்.

வன்தட்டு நிரம்பியிருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். விருந்தினர் கணக்கில் நுழைவோருக்கு வேறொரு நிலை: வெளியேறியவுடன் அக்கணக்கின் கோப்புறை முழுவதும் அழிக்கப்படுமாறு அமைப்பதுண்டு. அங்கே பழுது ஏதும் இல்லை. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஒலியளவைப் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில வேளைகளில் ஒலியமைப்பு மறைவதே இல்லை. வேறு கருவிக்கு மாறிவிடுகிறது. எச்டிஎம்ஐ கம்பியால் இணைந்த திரை, யுஎஸ்பி ஹெட்போன், கணினியின் சொந்த ஒலி அட்டை ஆகிய மூன்றும் கணினிக்கு மூன்று தனித்தனிக் கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒலியளவு தனியே பதிவாகிறது. ஒலி அட்டைகளுக்குக் கணினி தரும் 0, 1 என்னும் எண்களும் தொடங்கும்தோறும் இடம் மாறக்கூடும். எண்ணைக் குறித்து அமைக்கப்பட்ட ஒலியளவு, ஒலிபெருக்கியே இல்லாத திரைக்குச் சென்று சேர்ந்தால் வகுப்பறையில் ஒன்றும் கேட்காது. ஒலியமைப்புச் சாளரத்தில் ‘வெளியீடு’ என்னும் பகுதியைத் திறந்து, அங்கே எக்கருவியின் பெயர் உள்ளது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒலிக்கோட்டை நகர்த்துவது அதன் பின்னரே.