ஒரே பல்லை இரண்டு முறை பார்க்கும் பயிற்சி

சேலம் மாவட்டத்து மேச்சேரிப் பக்கம் ஆடு வாங்க வருகிறவர் முதலில் அதன் வாயைத்தான் திறந்து பார்ப்பார். பால் பல்லா, ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று எண்ணி வயதைச் சொல்லிவிடுவார். மேச்சேரி ஆட்டினத்துக்கென்றே பக்கத்துப் பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் பல்லிலும் படிக்க வேண்டிய செய்தி உண்டு. அதைப் பார்த்து, எண்ணி, எழுதிவைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

சேலம், தர்மபுரி மாவட்டங்களின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. சில இடங்களில் பாறையிலுள்ள ஃபுளூரைடு கரைந்து போர் தண்ணீரில் சேர்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு. அதற்கும் மேற்பட்ட தண்ணீரைப் பிறந்தது முதல் எட்டு வயது வரை குடித்து வளரும் குழந்தைக்கு, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமல் சரியாக இறுகாது. முளைக்கும்போதே வெள்ளைக் கோடும் திட்டும் தெரியும். கடுமையானால் பின்னர் பழுப்புக் கறை ஏறும், குழி விழும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் விளக்காத பிள்ளை என்று அதைத் திட்டுவது பெரிய அநியாயம்.

இந்தக் கறைக்குக் காரணம் தெரிந்ததே ஓர் உள்ளூர் மருத்துவரின் பிடிவாதத்தால்தான். 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்யப் போனார் இளம் பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் கறையைக் கண்டார். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை, அவர்கள் குடித்தது எந்தத் தண்ணீர் என்று ஊர் ஊராகக் குறித்துக்கொண்டே இருந்தார். காரணம் ஃபுளூரைடு என்று வேதியியலாளர் சர்ச்சில் கண்டறிந்தது 1931-இல். அடுத்த ஆறே ஆண்டில், 1937-இல், சென்னை மாகாணத்தில் ஃபுளூரோசிஸ் எனும் இந்த ஃபுளூரைடு பாதிப்பு இருப்பதைப் பற்றி ஷார்ட்டும் உடன் உழைத்தவர்களும் எழுதிய கட்டுரை வெளிவந்தது.

ஆகவே பல் ஆராய்ச்சி என்றதும் விலையுயர்ந்த கருவிகளை நினைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வராந்தாவின் வெளிச்சம், வாய்க்கண்ணாடி, ஒரு படிவம் போதும். கடினமானது கண்ணைப் பழக்குவது. ஃபுளூரோசிஸை அளக்க டீன் என்பவர் வகுத்த அளவுகோலில் ஆறு படிகள்: இயல்பு, ஐயம், மிக லேசு, லேசு, மிதம், கடுமை. கடுமையை யாரும் கண்டுகொள்வார்கள். ஐயத்துக்கும் மிக லேசுக்கும் நடுவேதான் தகராறு. வெற்றிலைக் கறையையோ, சொத்தை தொடங்கும்போது வரும் வெள்ளைப் புள்ளியையோ ஃபுளூரோசிஸ் என்று எழுதிவிடவும் கூடும். அதனால் ஆய்வுக்குப் போகுமுன் எல்லா ஆய்வாளர்களும் ஒரே பிள்ளைகளைத் தனித்தனியே பார்த்து, தாங்கள் எழுதியதை ஒப்பிட வேண்டும். ஆய்வு நடக்கும்போதும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளை, முதலில் எழுதியதைப் பார்க்காமல், மறுபடி பார்க்க வேண்டும். பெரும்பாலான அளவீடுகளில் 85 முதல் 95 சதவீதம் வரை ஒத்துப்போக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்களுக்கு மதிப்பில்லை, எத்தனை ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்திருந்தாலும்.

பெரும்பாலும் 12 வயதினரைத் தேர்ந்தெடுப்பார்கள். கடைவாய் ஞானப்பல் தவிர மற்ற நிலைப்பற்கள் அநேகமாக முளைத்திருக்கும்; பள்ளியில் எளிதாகச் சந்திக்கலாம். பள்ளிக்கு வராத பிள்ளை கணக்கில் விடுபடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது கேள்வி கேட்கும் திறமை. எந்தத் தண்ணீர் குடிக்கிறாய் என்று 12 வயதுப் பிள்ளையைக் கேட்டால் இன்றைய தண்ணீரைச் சொல்லும். பல்லில் பதிந்திருப்பதோ சிறு வயதில் குடித்தது. ஊருக்குள் மேட்டூர்க் காவிரித் தண்ணீர் குழாயில் வரலாம். காட்டுக்கொட்டாயில் போர் தண்ணீராக இருக்கலாம். அப்பா வேலைக்காக வெளியூர் போயிருக்கலாம், பிள்ளை மூன்று வயது வரை அம்மாவின் ஊரிலேயே வளர்ந்திருக்கலாம். இதையெல்லாம் தாயிடம் பொறுமையாகக் கேட்டு எழுத, அந்த வட்டாரப் பேச்சும் வாழ்க்கையும் தெரிந்தவரால்தான் முடியும். உள்ளூரிலேயே ஆய்வாளர்களை உருவாக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருக்கிறது, அவர்களில் நான்கில் மூன்று பேர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. ஆய்வாளர்களை உருவாக்க நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. சேலத்திலேயே பல் மருத்துவக் கல்லூரி உண்டு. எம்.டி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பி.டி.எஸ். மாணவர்களும் சிறிய ஆய்வொன்றைச் செய்து பழக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் குறுகிய கால உதவித்தொகை தருகிறது. பெற்றோரின் சம்மதம் வாங்குவது, பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுவது, வலியோடு இருக்கும் பிள்ளையைச் சிகிச்சைக்கு அனுப்புவது, கண்டதை ஊருக்குத் திரும்பிச் சொல்வது: இவையும் பயிற்சியின் பகுதிதான்.

குறை எங்கே என்றால் தொடர்ச்சியில். காவிரிக் குழாய் வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்குக் கறை குறைந்திருக்கிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். இன்று 12 வயதினரைப் பார்த்துவிட்டு, ஐந்து ஆண்டு கழித்து அதே தெருக்களில், அதே அளவுகோலோடு, அன்றைய 12 வயதினரைப் பார்க்க வேண்டும். அதற்குள் முதல் மாணவர் படிப்பை முடித்துப் போயிருப்பார். அடுத்தவர் வேலையைத் தொடர வேண்டுமானால் முதலாமவரின் படிவங்களும், கண்ணைப் பழக்க எடுத்த பல் படங்களும், எந்தக் குழாயில் எந்த மாதம் தண்ணீர் எடுத்தார் என்ற குறிப்பும் துறை அலமாரியில் கிடைக்க வேண்டும்.