வன்னியில் உள்ளூராட்சி: சிகரெட் விற்கும் கடையும் பிரதேச சபையின் அனுமதிப்பத்திரமும்

இலங்கையில் புகையிலைப் பொருள்களின் விற்பனையை ஆள்வது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கிய சட்டமும் அதுவே. யாருக்கு விற்கக்கூடாது, எப்படி விளம்பரம் செய்யக்கூடாது, எங்கே புகைக்கக்கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. ஆனால் விற்பவர் யார் என்று அது கேட்பதில்லை. சாராயம் விற்க மதுவரித் திணைக்களத்தின் உரிமம் வேண்டும். தேத்தண்ணிக் கடை திறக்கவும் சுகாதாரப் பகுதியினர் வந்து அடுப்படியையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துப்போக வேண்டும். சிகரெட் விற்கும் சில்லறைக் கடைக்கு மட்டும் இந்தச் சட்டம் தனி உரிமம் எதையும் ஏற்படுத்தவில்லை. அரிசியும் சவர்க்காரமும் விற்கும் கடை அதே மேசையில் சிகரெட்டையும் வைத்து விற்கலாம். பூநகரிப் பிரதேசத்தில் வாடியடிச் சந்தியிலிருந்து முழங்காவில், நாச்சிக்குடா வரை உள்ள கடைகளின் நிலையும் இதுதான்.

சட்டம் கேட்பவை கடுமையானவைதான். 21 வயது நிறையாத எவருக்கும் புகையிலைப் பொருளை விற்பது குற்றம். நீதவான் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் 5,000 ரூபாவரை தண்டம், அல்லது ஓராண்டுவரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தானியங்கி இயந்திரம் வைத்து விற்கக்கூடாது. விளம்பரம், அனுசரணை, இலவச விநியோகம் எதுவும் கூடாது. 2015ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் படத்துடன் கூடிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 2016 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து மெல்லும் புகையிலைக் கலவைகளின் விற்பனையும் தடைசெய்யப்பட்டது. என்றாலும் பள்ளிக்கூடத்திலிருந்து இத்தனை மீற்றருக்குள் விற்கக்கூடாது என்ற விதி 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தில் இல்லை. இந்தியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது உண்டு: கல்வி நிலையத்தைச் சுற்றி 100 யார் தூரத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது.

இலங்கைச் சட்டத்தின் விதிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு பொலிசாருக்கும் மதுவரி அதிகாரிகளுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் தரப்பட்டிருக்கிறது. கிராமத்தில் அந்த வேலை பெரும்பாலும் பரிசோதகரின் தலையில்தான் விழுகிறது. டெங்கு, கிணறு, பாடசாலை மருத்துவப் பரிசோதனை, உணவுக் கடை, தொற்றுநோய் எல்லாவற்றையும் பார்ப்பவர் அவர். பூநகரியோ குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் பிரதேசம். ஒரு பக்கம் கௌதாரிமுனை மணல் முனை, இன்னொரு பக்கம் கிராஞ்சி, வலைப்பாடு, அப்பால் படகில் மட்டுமே போகக்கூடிய இரணைதீவு. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணம்–மன்னார் வீதியில் போக்குவரத்துக் கூடியது. வாகனங்கள் நிற்கும் இடமெல்லாம் கடை முளைப்பது இயல்பு. எந்தக் கடை சிகரெட் விற்கிறது என்ற பட்டியல் கையில் இல்லாத பரிசோதகர், சைக்கிளை நிறுத்தி ஒவ்வொரு கடையாக எட்டிப்பார்த்துத்தான் அறிய வேண்டும்.

பட்டியல் வைத்திருக்கக்கூடிய நிறுவனம் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கடைகள் தொடர்பில் சபைக்கு மூன்று கருவிகளைத் தந்திருக்கிறது. உபவிதியின்கீழ் ஒழுங்குபடுத்தப்படும் தொழில்களுக்கு அனுமதிப்பத்திரம், கைத்தொழில்களுக்கு வரி, மற்ற வியாபாரங்களுக்கு வருமானத்தை வைத்து வரி. சோலைவரி கட்டடத்துக்கானது. இவை அந்தக் கட்டடத்துக்குள் நடக்கும் தொழிலுக்கானவை. அனுமதிப்பத்திரக் கட்டணத்துக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்சவரம்பு இடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பொறுத்தது: 750 ரூபாவரை என்றால் 500 ரூபா, 1,500 ரூபாவரை என்றால் 750 ரூபா, அதற்கு மேல் 1,000 ரூபா. ஒரு கடையைப் பார்த்துவர உத்தியோகத்தர் செலவிடும் எரிபொருளுக்கும் நேரத்துக்கும் இந்தத் தொகை போதாது. உள்ளூராட்சியின் நிதி நெருக்கடியைப் பேசுபவர்கள் இந்த மூன்று எண்களிலிருந்து தொடங்குவது நல்லது.

வரிக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிக முக்கியமானது. வரி கட்டியவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார், பற்றுச்சீட்டு கிடைக்கிறது, அத்துடன் முடிந்தது. அனுமதிப்பத்திரம் நிபந்தனையுடன் வருவது. உணவுக்கடை உரிமையாளர் ஒருவர் விண்ணப்பித்தால், சபை அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கருத்துக்கு அனுப்பும். பரிசோதகர் எச் 800 என்ற படிவத்துடன் வந்து சுவர், கூரை, கழிவுநீர், பணியாளரின் மருத்துவச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார். குறை இருந்தால் திருத்தத் தவணை கொடுப்பார். பின்னர்தான் கையொப்பமிட்ட பத்திரம் கடைக்கு வரும். மேசைக்குப் பின்னால் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் அந்தத் தாள் டிசெம்பர் 31ஆம் திகதியுடன் காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டும் சபையின் வாசலுக்கு வந்தே ஆகவேண்டும். சபையின் பிடி முழுவதும் இந்த ஆண்டுப் புதுப்பித்தலில்தான் இருக்கிறது.

அந்தத் தாளில் சிகரெட்டைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. அதற்குக் காரணம் பழையது. உள்ளூராட்சிச் சட்டங்கள் தொழில்களை ‘அபாயமானவை’, ‘அருவருப்பானவை’ என்று பிரித்துப் பார்த்த காலத்தில் புகையிலை ஒரு பயிராகவும் சரக்காகவும்தான் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய பொருள்; சுருட்டுக் கொட்டில்கள் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. ஆகவே பல பிரதேச சபைகளின் வர்த்தமானி அறிவித்தல்களில் புகையிலை களஞ்சியப்படுத்தல், சுருட்டு உற்பத்தி, பீடி சுற்றுதல் ஆகியவை இடம்பெறுகின்றன. நெடியும் தீப்பிடிக்கும் ஆபத்தும் அயலவருக்குத் தொல்லை என்பதுதான் அன்றைய கவலை. வாங்கிப் புகைப்பவரின் நெஞ்சைப் பற்றிய கவலை அந்தப் பட்டியல்களுக்குள் இன்றுவரை நுழையவில்லை.

இந்த விடுபாடு என்ன செய்கிறது என்பதை ஒரு பெட்டிக்கடையின் விற்பனை முறையே காட்டும். பெட்டியாக வாங்குபவர் குறைவு. முதலாளி பெட்டியை உடைத்து மேசை லாச்சிக்குள் வைத்து ஒன்றொன்றாக எடுத்துக் கொடுப்பார். நூலில் கட்டிய லைட்டர் கடை முகப்பில் தொங்கும். பெட்டியின் 80 சதவீதத்தை மூடும் அந்தக் கொடிய படம் லாச்சிக்குள்ளேயே கிடக்கும். ஒற்றைச் சிகரெட் வாங்கும் இளைஞன் அதைப் பார்ப்பதேயில்லை. அரசாங்கம் சட்டமியற்றிக் கட்டாயமாக்கிய எச்சரிக்கை, கடைசி ஒரு முழத் தூரத்தில் தோற்றுவிடுகிறது. அந்த ஒரு முழம் கடைக்காரரின் கையில் இருக்கிறது. கடைக்காரரின் தாள் சபையின் கையில் இருக்கிறது.

சட்டத்தின் துணையில்லாமல் கடைக்காரர்களையே இணங்கவைக்கும் முயற்சி இலங்கையில் நடந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வர்த்தகர்களுடன் பேசி, நகரம் நகரமாகச் சிகரெட் விற்பனையைக் கைவிடச் செய்தனர். 2018இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி அப்படிப்பட்ட நகரங்கள் 107. அவற்றில் அதிகமானவை, அதாவது 22, யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தவை. அடுத்தவை மாத்தறையில் 17, குருநாகலில் 16. பணக்கார நிறுவனம் ஒன்றின் சரக்கை, தண்டத்துக்குப் பயந்து அல்லாமல், ஊரின் நன்மை கருதிச் சிறு வணிகர்கள் மேசையிலிருந்து அகற்றியது பெருமைப்படத்தக்க செயல். ஆனால் வாக்குறுதிக்கு ஆயுள் குறைவு. கடை கைமாறினால், புதுக் கடை ஒன்று திறந்தால், பேசி இணங்கவைத்த பரிசோதகர் இடம்மாறிப் போனால், மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். வாய்ப்பேச்சில் கிடைத்ததை உபவிதியில் எழுதி வைக்கும் அடுத்த படிதான் தேவை.

அந்தப் படியை மற்ற இடங்களில் ஏறியிருக்கிறார்கள். இந்தியாவின் சுகாதார அமைச்சு 2017 செப்டெம்பரில் மாநில அரசுகளுக்கு எழுதிய கடிதம், புகையிலை விற்கும் கடைகளுக்கு உள்ளூராட்சி அமைப்புகள் மூலம் உரிமம் வழங்குமாறு கேட்டது. உரிமம் பெற்ற கடையில் மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ் போன்றவற்றை விற்கக்கூடாது என்பதும் அதன் யோசனை. மிட்டாய் வாங்க வரும் பிள்ளையின் கண்மட்டத்தில் சிகரெட் இருக்கக்கூடாது என்ற எளிய நியாயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. இமாசலப் பிரதேசம் 2016இலேயே தனிச் சட்டம் இயற்றி ஒற்றைச் சிகரெட், பீடி விற்பனையைத் தடுத்தது. லக்னௌ மாநகராட்சி 2021இல் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பின்லாந்தில் 2009 முதல் நகரசபைகள்தான் புகையிலை விற்பனை உரிமத்தை வழங்குகின்றன. கண்காணிப்புச் செலவுக்கான கட்டணத்தையும் கடைகளிடமிருந்தே பெறுகின்றன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ இன்னும் ஒரு படி மேலே போய், நகரின் 11 வட்டாரங்களில் ஒவ்வொன்றுக்கும் 45 உரிமம் என்று எல்லை வகுத்தது. ஏற்கெனவே இருந்த கடைகளை அது மூடவில்லை. கடைகள் தாமாகக் குறையும்வரை புதியவற்றுக்கு உரிமம் தராமல் விட்டது.

தண்டத்தைவிட உரிமம் வலியது என்பதற்குக் காரணம் எளிது. நீதிமன்ற வழக்குக்குச் சாட்சி வேண்டும், தவணைகள் வேண்டும், முடிவில் கிடைக்கும் 5,000 ரூபாத் தண்டமும் பெரிய கடைக்குச் சில நாள் விற்பனைதான். உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைப்பது அப்படியல்ல. அந்த மூன்று மாதமும் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார். சிகரெட்டுடன் சேர்ந்து விற்கும் தேத்தண்ணியும் வெற்றிலையும் போகும். ஆகவே உரிமம் பெற்றவர் பள்ளிச் சீருடையில் வருபவனைத் தாமே திருப்பி அனுப்புவார்.

பூநகரிச் சபை இதைச் செய்ய விரும்பினால் வழி இருக்கிறது. சபை உபவிதி ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். மாகாணத்தில் உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அதிகாரம் அதை அங்கீகரிக்க வேண்டும். வர்த்தமானியில் வெளிவர வேண்டும். வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்ததிலிருந்து அந்த அங்கீகாரம் ஆளுநரின் நிர்வாகத்தில் தங்கியிருக்கிறது. மற்றொரு குறுக்குவழியும் உண்டு. 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நியம உபவிதிகள் சட்டத்தின்படி, மாதிரி உபவிதி ஒன்று தயாரிக்கப்பட்டால் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி என்று ஒவ்வொரு சபையும் அதை ஒரு தீர்மானத்தின் மூலம் ஏற்றுக்கொள்ளலாம். மாவட்டத்தின் மூன்று சபைகளும் ஒன்றாக ஏற்காவிட்டால் பரந்தன் பக்கத்துக் கடை எல்லைக்கு அப்பால் நின்று விற்கும்.

எதிர்ப்பு வராமல் இருக்காது. அதில் ஒரு பகுதி நேர்மையானது. வன்னியில் பெட்டிக்கடை என்பது பலசமயம் போரில் கணவனை இழந்த பெண் ஒருவர் தம் பிள்ளைகளைப் படிப்பிக்கும் வழி. அவரிடம் இன்னொரு கட்டணத்தைக் கேட்பது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் சிகரெட்டின் வரியும் இலாபமும் போய்ச்சேர்வது வேறு இடங்களுக்கு. சட்டபூர்வமாகச் சிகரெட் உற்பத்தி செய்யும் இலங்கைப் புகையிலை நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ 84 சதவீதம் பிரித்தானிய அமெரிக்கன் ரொபாக்கோவுக்கு உரியது. ஒரு சிகரெட்டில் பெட்டிக்கடைக்காரிக்கு மிஞ்சுவது சில்லறைக் காசு. கட்டணத்தைச் சரக்கு இறக்கும் மொத்த விநியோகத்தர்மீது கூடுதலாகவும் சிறு கடைமீது குறைவாகவும் வைப்பது, விட்டுவிட விரும்பும் கடைக்கு அந்த ஆண்டின் மற்றக் கட்டணங்களில் சலுகை கொடுப்பது ஆகியவை உபவிதி வரையும்போதே யோசிக்கவேண்டியவை.

கடத்தலைப் பற்றிய கேள்வியும் எழும். மன்னார், பூநகரிக் கடற்கரைகளில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பீடி இலை மூட்டைகளைக் கடற்படை அடிக்கடி பிடிக்கிறது. சட்டபூர்வக் கடையை நெருக்கினால் கள்ளச் சரக்குப் பெருகும் என்பது வாதம். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கைக்கு 2003இலேயே ஒப்புதல் கொடுத்த இலங்கை, 2016இல் சட்டவிரோதப் புகையிலை வணிகத்துக்கு எதிரான நெறிமுறையிலும் இணைந்தது. அந்த நெறிமுறை சில்லறை விற்பனைக்கும் உரிமம் வழங்க முயலுமாறு நாடுகளைக் கேட்பது கடத்தலைத் தடுப்பதற்காகவே. உரிமம் பெற்ற கடை எங்கிருந்து வாங்கியது என்று பற்றுச்சீட்டைக் கேட்கலாம். உரிமம் இல்லாத இடத்தில் சரக்கு இருந்தாலே அது குற்றம்.

கடைசியாக ஆள்பலம். மாநகர சபைகளில் சபைக்கென்றே சுகாதார உத்தியோகத்தர்கள் இருப்பார்கள். பிரதேச சபைக்கு அப்படி இல்லை. பரிசோதகர் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆள். ஆகவே உபவிதியில் யார் பார்ப்பது, ஆண்டுக்கு எத்தனை தடவை, அறிக்கை யாருக்கு, உரிமத்தை நிறுத்தும் முன் கடைக்காரரின் விளக்கத்தைக் கேட்பது எப்படி, மேன்முறையீடு யாரிடம் என்பதெல்லாம் எழுதப்படவேண்டும். 2023 மார்ச்சில் கலைந்த சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். வழக்கமான அலுவல்களைச் செயலாளர் கவனித்துக்கொள்ளலாம். புதிய உபவிதியைக் கொண்டுவந்து ஊருக்கு விளக்கம் சொல்லவேண்டியவர்கள் உறுப்பினர்கள். அவர்களது பதவிக்காலம் நான்கு ஆண்டுகள்.