கியர் லீவரில் ஒரு சுவிட்ச்: மலைப்பாதையில் லொறி விடுவோர் அறிய வேண்டியவை

கண்டியிலிருந்து மாத்தளைக்கும் அப்பால் யாழ்ப்பாணத்துக்கும் செல்லும் ஏ-9 பெருந்தெருவின் இருமருங்கிலும் வர்த்தகத்தால் வளர்ந்த அக்குறணையில், லொறி என்பது கடைக்குச் சரக்குக் கொணரும் சாதனம் மாத்திரமன்று. பல குடும்பங்களின் ஜீவனோபாயமும் அதுவே. கொழும்புக்குப் புறப்படும் லொறி கடுகண்ணாவை இறக்கத்தையும், மஹியங்கனைக்குப் புறப்படும் லொறி 18 வளைவுப் பாதையையும் பெரும்பாலும் கடந்தே செல்லும். 2023 ஜனவரியில் நானுஓயா அருகே ரதெல்லைக் குறுக்குப் பாதையில் மாணவரை ஏற்றிச் சென்ற பஸ் ஒரு வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 உயிர்கள் போனபோதும், 2025 செப்டம்பரில் எல்ல-வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து குறைந்தது 15 பேர் மாண்டபோதும், பிரேக் இயங்கவில்லை என்றே முதற் செய்திகள் கூறின. ஆகவே, இறக்கத்தில் வேகத்தைத் தணிக்க உதவும் எந்த உபகரணத்தையும் அலட்சியமாக வாங்குவதும் பொருத்துவதும் விவேகமாகாது.

அத்தகைய உபகரணங்களுள் ஒன்று எக்ஸோஸ்ட் பிரேக். புகை வெளியேறும் குழாயினுள் உள்ள தகட்டு வால்வு மூடிக்கொள்ள, வெளியேற வழியற்ற வாயு பிஸ்டன்களை எதிர்த்து அழுத்த, அவ்வெதிர்ப்பு கியர்ப்பெட்டி வழியே பின்சக்கரங்களைச் சென்றடைந்து வண்டியை மந்தப்படுத்துகிறது. இதனால் நெடிய இறக்கத்தில் கால் பிரேக்கை ஓயாமல் மிதித்து டிரம்மும் லைனிங்கும் கொதித்துப் பிடிப்பிழக்கும் அபாயம் குறைகிறது. ஆயினும், வண்டி கியரில் இருக்கும்வரைதான் இதற்கு சக்தி உண்டு. நியூட்ரலில் இது அறவே பயன்படாது. இயந்திரம் விரைவாகச் சுழலும் சிறிய கியரிலேயே இதன் வலிமை முழுமையாக வெளிப்படும். சரிவு தொடங்குமுன்னரே கியரைக் குறைக்காதவனை எந்த சுவிட்ச்சும் காப்பாற்றாது.

ஜப்பானிய லொறிகள் பலவற்றில் இதனை இயக்கும் நெம்புகோல் ஸ்டியரிங்கின் அருகிலேயே அமைந்துள்ளது. பழைய வண்டிகளிலும், பின்னர் வெளியிலிருந்து வாங்கி எக்ஸோஸ்ட் பிரேக் பூட்டப்பட்ட வண்டிகளிலும் சுவிட்ச் டேஷ்போர்டின் ஏதோ ஒரு மூலையில் கிடப்பதால், வளைவுக்கு வளைவு கியர் மாற்றும் சாரதியின் இடக்கைக்கு எட்டும்படி அதனைக் கியர் லீவரின் தலையிலேயே வைத்துக்கொள்ள விரும்புவது நியாயமே. விருப்பம் நியாயமாயினும், தேர்வில் சில விஷயங்களைக் கவனித்தல் அவசியம்.

முதலாவது, சுவிட்ச் போட்டிருக்கிறதா அணைந்திருக்கிறதா என்பதைக் கண் பாதையை விட்டு விலகாமலே விரல் உணரவேண்டும். உள்ளங்கை பட்ட மாத்திரத்தில் அமுங்கிவிடும் பொத்தானை விட மேல்நோக்கித் தள்ளிப் போடும் சுவிட்ச் உத்தமம். அது போடப்பட்டிருப்பதை அறிவிக்க டேஷ்போர்டில் ஒரு விளக்கும் வேண்டும். இரண்டாவது, வீட்டு மின்சாரத்துக்குரிய மலிவான சுவிட்ச், லொறியின் 24 வோல்ட் நேர்மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது பொறி கிளம்பி, உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டு, அணைத்தாலும் அணையாமற் போகக்கூடும். எனவே சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்க, வால்வுக்குரிய மின்னோட்டம் அந்த ரிலே வழியாகவும் தக்க பியூஸ் வழியாகவும் செல்லுதல் வேண்டும். மூன்றாவது, கியர் லீவர் ஓயாது அசைவதாதலால், தகட்டு விளிம்பில் உராய்ந்து தேயாதவாறு வயருக்கு உறையும், கெபினைச் சாய்க்கும்போது இழுபடாதவாறு போதிய தளர்வும் அளிக்கப்பட வேண்டும்.

இவையனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. கிளட்ச்சையோ எக்ஸிலேட்டரையோ மிதித்தவுடன் எக்ஸோஸ்ட் பிரேக் தானாகவே விடுபடும்படி வண்டியில் சிறு சுவிட்ச்சுகள் அமைந்திருக்கும். வேலையைச் சுலபமாக்கும் பொருட்டு அவற்றைத் தவிர்த்து நேரடியாக வயர் இழுப்பாராயின், கியர் மாற்றும் கணத்தில் இயந்திரம் நின்றுபோய், ஸ்டியரிங் கனத்துவிடும் விபரீதம் நேரலாம். ஏபிஎஸ் உள்ள வண்டியிலும் அதன் இணைப்பை ஒருபோதும் தொடலாகாது. வேலை முடிந்ததும் சமதரையில் ஓட்டிப் பார்த்து, இரு மிதிகளையும் தனித்தனியே அழுத்தி, பிரேக் விடுபடுகிறதா என்று பரீட்சித்த பின்னரே கராஜிலிருந்து வண்டியை எடுக்கவேண்டும். மழையில் வழுக்கும் வீதியில், அதிலும் சுமையில்லாத லொறியில், எக்ஸோஸ்ட் பிரேக்கைப் பிரயோகித்தால் பின்சக்கரங்கள் சறுக்கக்கூடும் என்பதையும் சாரதி மறத்தலாகாது.

இனி உரிமைகளைப் பார்ப்போம். பொருள் வாங்கியதற்கும் வேலை செய்ததற்கும் பற்றுச்சீட்டுக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அதில் பொருளின் பெயர், வோல்ட் அளவு, செய்த இணைப்பு, உத்தரவாதக் காலம் ஆகியன எழுதப்பட்டிருக்கச் செய்வது பின்னர் பேருதவியாகும். குறைபாடுள்ள பொருளையோ கவனக்குறைவான வேலையையோ பெற்றவர், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிடலாம்; விசாரணையின் பின் பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நட்டஈடு வழங்கவோ உத்தரவிட அச்சபைக்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்தில் அதனைத் தொலைபேசியிலும் அணுகலாம்.

லொறி உரிமையாளருக்குக் கடமைகளும் உண்டு. லொறிக்கு ஆண்டுதோறும் பெறும் தகுதிச் சான்றிதழ் அன்றைய நிலைமைக்கே சாட்சி; அதன் பின் செய்த மாற்றத்துக்கு அது பொறுப்பேற்காது. ஆதலால் புதிய இணைப்பைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுவது, பின்னாளில் எழக்கூடிய தர்க்கத்தைத் தவிர்க்கும். 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொலிஸார் வாகனங்களின் அபாயகரமான மேலதிகப் பொருத்துகைகளை அகற்றுவிக்க முற்பட்டதையும் உரிமையாளர் நினைவிற்கொள்ளல் நன்று.

கூலிக்கு லொறி ஓட்டும் சாரதி, பிரேக் சரியில்லை என்று கண்டால் அதைத் தேதியிட்டு முதலாளிக்கு எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பழுதுள்ள வண்டியை ஓட்ட மறுப்பது கீழ்ப்படியாமை ஆகாது. தொழிலின்போது காயமுற்றவரும், இறந்தவரின் குடும்பத்தாரும் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். வீதியிற் சென்ற பிறர் பாதிக்கப்பட்டால், சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்புக் காப்புறுதியும், கவனயீனத்துக்கான சிவில் வழக்கும் அவர்களுக்குப் பரிகாரமாகும்; அவ்வழக்கைச் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும் என்பதால் தாமதம் கூடாது. வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க இயலாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இப்பரிகாரங்கள் யாவும் எழுத்தில் உள்ள ஆதாரத்தின் மேலேயே நிற்பன. சுவிட்ச்சின் பற்றுச்சீட்டையும், கராஜின் வேலைச்சீட்டையும், சாரதியின் முறைப்பாட்டுப் பிரதியையும் வாகன ஆவணங்களோடு சேர்த்து வைக்கும் வழக்கத்தை ஒவ்வொரு முதலாளியும் இன்றே தொடங்குவாராக.