தொண்ணூறு வோல்ட் காதல்!

‘கையில தூக்கிட்டுப் போற ரேடியோ’ன்னு சொன்னா உங்க கண்ணுக்கு முன்னாடி என்ன வருது? டீக்கடை பெஞ்சில் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லிட்டிருந்த குட்டி டிரான்சிஸ்டர்தானே? அதுக்கு முன்னாடி ஒரு தலைமுறை இருந்தது பாஸ்! கைப்பிடி இருக்கும், கொக்கி இருக்கும், மூடினா சூட்கேஸ் மாதிரியே இருக்கும். பேட்டரியோட சேர்த்துத் தூக்கினா எட்டு கிலோவைத் தாண்டும். இதுக்குப் பேரு ‘போர்ட்டபிள்’! உள்ளே டிரான்சிஸ்டர் ஒண்ணுகூடக் கிடையாது. சுண்டுவிரல் தடிமனில் நாலஞ்சு கண்ணாடி வால்வுகள்தான்.

அமெரிக்காவில் இந்தப் பெட்டிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஒரு கூட்டமே இருக்கு. தபால்தலை, நாணயம் சேர்க்கிறது மாதிரின்னு நினைச்சுடாதீங்க. நாணயத்தை ஆல்பத்தில் வெச்சா வேலை முடிஞ்சது. இதுல வாங்கின பிறகுதான் வேலையே ஆரம்பிக்குது. ஏன்னா, செத்துப்போன ரேடியோதான் பெரும்பாலும் கைக்கு வரும். அதைப் பேச வைக்கணும்!

முதல்ல வால்வுன்னா என்ன? கண்ணாடிக் குப்பிக்குள்ள காற்றை உறிஞ்சி எடுத்துடுவாங்க. உள்ளே ஒரு மெல்லிய கம்பி. அதைச் சூடாக்கினா எலெக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே ஒரு உலோகத் தகடு. அதுக்கு அதிக வோல்ட் கொடுத்தா எலெக்ட்ரான்களை இழுத்துக்கும். ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுகிறதால் பிரிட்டன்காரர்கள் ‘வால்வு’ன்னாங்க. அவங்க வழியா நமக்கும் வால்வு. அமெரிக்கர்களுக்கு ‘டியூப்’.

ஆக, இந்த ரேடியோவுக்கு ரெண்டு பேட்டரி தேவை. கம்பியைச் சூடாக்க ‘ஏ’ பேட்டரி, தகட்டுக்கு ‘பி’ பேட்டரி. ‘ஏ’ சின்ன வோல்ட். ‘பி’ எவ்வளவு தெரியுமா? சின்ன ரேடியோவுக்கு 67.5 வோல்ட், பெரிசுக்கு 90 வோல்ட்! 90 வோல்ட்டுன்னா ஒன்றரை வோல்ட் செல் அறுபதை வரிசையாகக் கோத்து ஒரே பொட்டலமாகக் கட்டியிருப்பாங்க. ரேடியோவோட எடை எங்கேயிருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா?

1938-ல் 1.4 வோல்ட்டிலேயே வேலை செய்யும் சிக்கன வால்வுகள் வந்ததும் அமெரிக்காவில் போர்ட்டபிள் ஜுரம் பிடிச்சுக்கிச்சு. கடற்கரைக்கு ஒண்ணு, பிக்னிக்குக்கு ஒண்ணு. 1940-ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் கேமரா சைஸில் பி.பி.10 என்கிற ‘பர்சனல்’ ரேடியோவையே கொண்டு வந்தது. மூடியைத் திறந்தா தானே ஆன் ஆகும், மூடினா ஆஃப். ஏரியல் மூடிக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும். மடக்கு போனை மூடி ‘கட்’ பண்ற ஸ்டைல் எங்கே ஆரம்பிச்சதுன்னு பாருங்க!

ஆனா, சேகரிப்பாளர்களிடம் ‘உங்க சூப்பர் ஸ்டார் யாரு?’ன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஜெனித் டிரான்ஸ்-ஓஷனிக்!

ஜெனித் கம்பெனியின் தலைவர் யூஜின் மெக்டொனால்டு சரியான கடல் பைத்தியம். 1925-ல் வடதுருவப் பகுதிக்குப் போன ஒரு பயணத்தில் கப்பலையே நடத்தினவர். எல்லோரும் இவரைக் ‘கமாண்டர்’னுதான் கூப்பிடுவாங்க. கரையை விட்டு விலகினா சாதாரண போர்ட்டபிளில் ஒண்ணும் எடுக்காது. தூரத்து நிலையங்கள் வேணும்னா சிற்றலை வேணும். ‘படகில் எடுத்துட்டுப் போற மாதிரி சிற்றலை ரேடியோ செஞ்சு கொடுங்க’ன்னு தன் எஞ்சினீயர்களை விரட்டினார். 1942 ஜனவரியில் டிரான்ஸ்-ஓஷனிக் கடைக்கு வந்தது. விலை 75 டாலர். ஏரியலைத் தனியா கழற்றி ரயில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்ட வைக்கிற வசதிகூட இருந்தது.

டைமிங்தான் சொதப்பல்! ஒரு மாசம் முன்னாடிதான் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்திருந்தது. ஸ்பீக்கர் துணியில் முதலில் அழகான பாய்மரப் படகு ஒண்ணு இருந்தது. போர்ச் சூட்டில் அந்தப் படகு போய், குண்டுவீச்சு விமானம் வந்துடுச்சு. அடுத்து ஏப்ரலிலேயே அரசாங்கம் பொதுமக்களுக்கான ரேடியோ உற்பத்தியையே நிறுத்தச் சொல்லிடுச்சு. அதற்குள் செய்தது சுமார் 35,000 பெட்டிகள்தான். அதிலும் படகு போட்ட துணி இன்னும் அரிது. துணி கிழியாத படகு ரேடியோ கிடைச்சா சேகரிப்பாளர் அன்னிக்குத் தூங்க மாட்டார்!

போர் முடிந்ததும் 1946-ல் ராபர்ட் டேவல் பட்லாங் வடிவமைத்த புது மாடல் வந்தது. 1951-ல் எச்500. அதற்குப் பிறகு 600 வரிசை. வால்வு போட்ட டிரான்ஸ்-ஓஷனிக் 1960-களின் தொடக்கம் வரைக்கும் ஓடுச்சு. ஆச்சரியம்தான். ஏன்னா, எமன் 1954 அக்டோபரிலேயே வந்தாச்சு. ரீஜன்சி டி.ஆர்.1. நாலே டிரான்சிஸ்டர், 22.5 வோல்ட் பேட்டரி, விலை 49.95 டாலர். சட்டைப் பையில் அடங்கும். அதுக்கப்புறம் எட்டு கிலோவை யார் தூக்குவா? ‘டிரான்சிஸ்டர்’னாலே ரேடியோன்னு நம்ம ஊர்ல பேர் ஆகிப்போச்சு. ‘வால்வு’ன்னா மட்டும் யாருக்கும் ரேடியோ ஞாபகம் வர்றதில்லை. பாவம்!

சரி, இந்த ரேடியோக்களைக் கொன்னது டிரான்சிஸ்டர்னு நினைக்கிறீங்களா? நேரடியா இல்லை. பேட்டரிதான். வாங்க ஆள் குறைஞ்சதும் 67.5, 90 வோல்ட் பேட்டரிகளைக் கடைகள் கைகழுவிடுச்சு. நல்லா இருந்த ரேடியோவுக்குச் சோறு கிடைக்கல. பரணுக்குப் போனது. சிலர் பேட்டரியை எடுக்காமலேயே மேலே போட்டுட்டாங்க. அது கசிஞ்சு உள்ளே இருந்ததையெல்லாம் அரிச்சுத் தின்னுடுச்சு.

இதுக்குச் சேகரிப்பாளர்கள் கண்டுபிடிச்ச வைத்தியம் இருக்கே, செம! நம்ம கடைகளில் கிடைக்கிற 9 வோல்ட் சதுர பேட்டரி தெரியும்ல? தலையில் ஒரு பொத்தான், ஒரு கிண்ணம் இருக்கும். ஒண்ணோட பொத்தானை இன்னொண்ணோட கிண்ணத்தில் ‘டக்’னு மாட்டலாம். இப்படிப் பத்தை வரிசையா மாட்டினா, 90 வோல்ட் ரெடி! கம்பிக்கு 9 வோல்ட் வேணும்னா டார்ச்சுக்குப் போடுற பெரிய பேட்டரிக் கட்டை ஆறு போதும். ஆனா விளையாட்டா தொட்டுடாதீங்க. 90 வோல்ட் ஷாக் அடிக்கும். அதைவிடக் கொடுமை, ‘ஏ’வுக்குப் போக வேண்டிய ஒயரும் ‘பி’க்குப் போக வேண்டியதும் இடம் மாறினா கண்ணிமைக்கிற நேரத்தில் எல்லா வால்வும் காலி.

இங்கேதான் இந்தப் பொழுதுபோக்கோட திகில் இருக்கு. எச்500-ஐ எடுத்துக்கோங்க. அதுல அஞ்சு வால்வு. கோயில் திருவிழாவுக்குக் கட்டுற சீரியல் செட் மாதிரி, அஞ்சு வால்வின் கம்பிகளும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒரே வரிசையில். ஒண்ணு போனா அத்தனையும் ஊமை. அந்தக் கம்பி சூடாகிறதுகூட வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெலிசு. ஓடுற மின்சாரம் வெறும் 50 மில்லி ஆம்பியர்.

அஞ்சு பேரில் நாலு பேர் சுலபமாகக் கிடைப்பாங்க. அஞ்சாவது ஆள், 1எல்6. வருகிற அலையை ரேடியோ பக்குவமாகக் கையாளக்கூடிய அலைவரிசைக்கு மாற்றுகிற வால்வு இது. அதிக ரேடியோக்களில் பயன்படாததால் அன்னிக்கே குறைவாகத்தான் செஞ்சாங்க. இன்னிக்கு யாரும் செய்யறதில்லை. மற்ற நாலு வால்வோட விலையைச் சேர்த்தாலும் இது ஒண்ணோட விலையைத் தொடாது. கிடைக்காதவங்க 1எல்ஏ6 என்கிற ஒண்ணுவிட்ட சகோதரனை அடாப்டர் வெச்சுச் செருகுவாங்க. அதுக்கு அடியே வேற மாதிரி இருக்கும்.

பழைய மெக்கானிக் பழக்கத்தில் சிலர் ஒரு தப்பு பண்ணுவாங்க. ரேடியோ கரன்ட்டில் ஓடும்போதே, ‘இந்த வால்வு சரியா இருக்கா’ன்னு ஒண்ணைப் பிடுங்கிப் பார்ப்பாங்க. வரிசை அறுந்ததும், கம்பிகளுக்கு மின்சாரம் கொடுக்கிற கெப்பாசிட்டரில் வோல்ட் ஏறி உட்கார்ந்துடும். மறுபடி வால்வைச் செருகினதும் மொத்தமும் கம்பியில் பாயும். ‘பட்’! 1எல்6-க்குக் கண்ணீர் அஞ்சலி.

அதனால்தான் விவரமான சேகரிப்பாளர், வாங்கின அன்னிக்கே பிளக்கைச் செருக மாட்டார். முதலில் மல்டிமீட்டரால் ஒவ்வொரு வால்வின் 1, 7 கால்களுக்கு நடுவே தொடர்பு இருக்கான்னு பார்ப்பார். அடுத்து, மெழுகு பூசின பழைய காகித கெப்பாசிட்டர்கள் எல்லாத்தையும் மாற்றுவார். அவை வருஷக்கணக்கில் சும்மா இருந்தே கசிய ஆரம்பிச்சிருக்கும். கரன்ட்டில் ஓடுற மாடல்னா செலினியம் ரெக்டிஃபையரையும் தூக்கிட்டு டயோடு போடுவார். செலினியம் எரிஞ்சா வர்ற நாத்தத்தை ஒருதடவை முகர்ந்தவங்க மறக்க மாட்டாங்க. நச்சும்கூட.

மாற்றுவதிலும் ரெண்டு கட்சி. ‘வேலை செஞ்சா போதும்’னு பளபள புது உதிரிகளை அப்படியே பத்த வைக்கிறது ஒரு கட்சி. பழைய கெப்பாசிட்டரோட உள்ளே இருக்கிறதைச் சுரண்டி எடுத்துட்டு, அந்தக் காகித உறைக்குள்ளேயே புதுசை ஒளிச்சு வைக்கிறது இன்னொரு கட்சி. பின்பக்கத்தைத் திறந்தாலும் எல்லாமே அந்தக் காலத்துச் சரக்கு மாதிரியே தெரியும். பைத்தியக்காரத்தனம்தான். என் ஓட்டு ரெண்டாவது கட்சிக்கு!

இதைப் படிச்சுட்டு ஆசை வந்து, அமெரிக்காவிலிருந்து ஒண்ணை வரவழைக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம். அது 117 வோல்ட் ஆள். நம்ம 230 வோல்ட்டில் செருகினா முதல் நாளே கருமாதி. அதோட, இதில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. உள்ளே இருக்கிற உலோகத்திலேயே கரன்ட் இருக்கலாம். பேட்டரியில் ஓட்டுறதுதான் உங்களுக்கும் நல்லது, வால்வுக்கும் நல்லது. கெப்பாசிட்டர், டயோடெல்லாம் சென்னை ரிச்சி தெருவில் சல்லிசா கிடைக்கும்.

எல்லாம் சரி, ஓட்டலாமா கூடாதா? சேகரிப்பாளர்களிடையே தீராத சண்டை இது. ஓட்டுற ஒவ்வொரு மணி நேரமும் அந்த 1எல்6-ன் ஆயுளில் கழியுது. ‘ஷெல்ஃபில் வெச்சு அழகு பார்’ங்கிறார் ஒருத்தர். ‘பேசாத ரேடியோ வெறும் பெட்டி’ங்கிறார் இன்னொருத்தர். இன்னொரு பக்கம், கேட்கிறதுக்கான நிலையங்களும் ஒண்ணொண்ணா மூடிட்டு வருது. 2017 ஜனவரியில் ரேடியோ ஆஸ்திரேலியா சிற்றலையை நிறுத்தியது. அதே வருஷம் ஏப்ரல் 30-ம் தேதியோடு பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் முடிஞ்சது. வால்வைக் காப்பாத்தி வெச்சு, கடைசியில் இரைச்சலைத்தான் கேட்கணும்னா என்ன லாபம்? அதனால நான் பேச வைக்கிற கட்சி. கொஞ்சமா, பேட்டரியில்.

வீட்டு வால்வு ரேடியோன்னா சூடாகி வாயைத் திறக்கவே அரை நிமிஷம் ஆகும்னு தாத்தா சொல்லியிருப்பார். இந்த போர்ட்டபிள் அப்படியில்லை. கம்பியே நேரடியாக எலெக்ட்ரானை விடுகிறதால் சுவிட்சைத் திருப்பின மறுநொடி உயிர் வந்துடும். அமெரிக்காவில் பழுது பார்த்து முடிச்ச எச்500-ஐப் பலர் முதலில் 5 மெகாஹெர்ட்ஸுக்குத்தான் திருப்புவாங்க. அங்கே கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி. என்கிற அரசு நிலையம் நொடிக்கு நொடி ‘டிக்... டிக்...’ அனுப்பிட்டே இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் வந்து நேரம் சொல்லும். அணுக் கடிகாரத்து நேரம். 1951-ல் செஞ்ச பெட்டி, அதைக் கேட்டதும் பக்கத்தில் இருக்கிறவர் தன்னையறியாம கைக்கடிகாரத்தைச் சரி பண்ணிக்குவார்!